மலைச்சரிவும் ஒளியிழை நெய்யரியும்

மலை சரிந்து வீழ்வது ஒரு கணத்தில் நிகழினும், மண்ணினுள் அதற்குரிய அசைவு முன்னரே தொடங்குவதுண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன் குடியிருப்புகள் மண்ணுட் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயலின் பெருமழையால் நுவரெலியா முதலிய மலைநாட்டு மாவட்டங்களிற் பல இடங்கள் சரிந்தன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வசைவை அளக்க வல்ல கருவிகளுள் ஒன்று ஒளியிழை நெய்யரி.

ஒளியிழையாவது மயிரளவு தடிப்புடைய கண்ணாடி நூல். அதன் நடுவே ஏறத்தாழ அரை மைக்கிரோமீற்றருக்கு ஒருமுறை முறிவுச் சுட்டியைச் சிறிது மாற்றி அமைத்த வரிசையே நெய்யரி எனப்படும். அதனூடு ஒளி செல்லுங்கால், வரிசையின் இடைவெளிக்குப் பொருந்திய அலைநீளம் மட்டும் திரும்பி வரும்; ஏனையவை அப்பாற் செல்லும். இவ்விழையைக் குழாயொன்றில் ஒட்டி நிலத்துட் புதைப்பர். மண் நகரின் குழாய் வளையும், இழை நீளும், திரும்பும் அலைநீளம் மாறும். மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் நீண்டால், 1550 நனோமீற்றர் ஒளி ஏறத்தாழ 1.2 நனோமீற்றர் மாறும். வெப்பமும் இம்மாற்றத்தை விளைவிப்பதால், இழுபடாத வேறொரு நெய்யரியை வைத்து அப்பகுதியைக் கழித்தல் வேண்டும்.

ஒளியால் இழையினுள் நெய்யரி உண்டாதலை 1978இல் கனடாவிற் கென் ஹில் குழுவினர் கண்டனர். பின்னர் ஊதாக் கடந்த கதிரால் எழுதும் முறை வந்தது. அதற்கு இழையின் மேலுறையைப் பெரும்பாலும் உரித்தல் வேண்டும். உரித்த இழையோ வலிமை குன்றும். இக்குறையைப் பெம்தோசெக்கன் லேசர் நீக்கியது. ஒரு செக்கனை நூறு கோடியாக வகுத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் பத்து இலட்சமாக வகுத்தால் வருவதே ஒரு பெம்தோசெக்கன். இத்தகைய குறுந்துடிப்புகளைச் செறிவு மிக்கனவாக்கும் வழியை 1985இல் வெளியிட்ட டொனா ஸ்றிக்லண்டும் ஜெராட் மூருவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

பூதக்கண்ணாடியூடு செல்லும் வெயில் கண்ணாடியைச் சுடாது. குவியுமிடத்துத் தாளையே எரிக்கும். அதுபோல இந்த அகச்சிவப்பு ஒளியும் உறையைக் கெடுக்காது கடந்து, குவியுமிடத்துக் கண்ணாடியை மட்டும் மாற்றும். மண்ணுட் கிடந்து இழுபடவேண்டிய இழைக்கு, உரிக்கப்படாத உறை பெருங்காப்பாகும்.

எனினும், கருவி அறிவிக்குமேயன்றிக் காக்காது. மீரியபெத்தை ஆபத்தான இடமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டோர் சென்று வாழப் பாதுகாப்பான நிலமும் வீடும் இருந்தாலன்றி, இழை கூறும் செய்தி பயன்தராது.