மீனுக்கும் வேணும் ஒரு நிழல்: மடுவுக்குள்ள ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடம்

மே மாசம் ஒகேனக்கல் போனவங்களுக்குத் தெரியும், பாறையில வெறுங்காலை வைக்க முடியாது. நாம மரத்தடியில ஒதுங்கிடுவோம். தண்ணிக்குள்ள இருக்கிற மீன் எங்க ஒதுங்கும்? மடுவுல. ஆற்றுப்படுகையில் ஆழமாகக் குடைந்து கிடக்கும் பள்ளம்தான் மடு.

ஏன் ஒதுங்கணும்?

மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. 10 டிகிரி கூடினால் ஆக்சிஜன் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஆனா தண்ணி எதிர்த்திசையில போகுது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். செலவு கூடுது, வரவு குறையுது. விரால் மேலே வந்து காற்றைக் குடிச்சு சமாளிச்சுக்கும். மஹசீரால் அது முடியாது.

கணக்குப் போடுவோம்

ஒரு கோடை நாளில் சதுர மீட்டருக்கு 20 மெகாஜூல் வெயில் தண்ணிக்குள்ள போகுதுன்னு வெச்சுக்கலாம். ஆவியாதல் போன்ற இழப்புகளை விட்டுடுவோம். 30 செ.மீ. ஆழத் தண்ணீர் சுமார் 16 டிகிரி சூடாகும். அதே வெயிலில் 3 மீட்டர் மடு 1.6 டிகிரிதான் ஏறும். ஆழம் 10 மடங்கு, சூடு பத்தில் ஒரு பங்கு.

இதோடு இன்னும் ரெண்டு உதவி இருக்கு. ஒண்ணு, கரையோர நீர்மருது மரங்களின் நிழல். இன்னொண்ணு, ஊத்து. வெயில் காலத்துல ஆத்து மணலைத் தோண்டினா சில்லுன்னு தண்ணி வருமே, அதேதான். மண்ணுக்கடியில் பகல் சூடு இறங்காததால் ஊற்றுநீர் குளிர்ச்சியாகவே மடுவில் கசியும்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால், சால்மன் மீன்கள் குளிர்ந்த கிளையாறுகள் கலக்கும் இடத்தில் தங்கிவிட்டுத்தான் பயணத்தைத் தொடரும். அந்த இடங்களைக் காப்பாற்ற 2021இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தனித் திட்டமே வெளியிட்டது.

நம்ம ஆற்றில் என்ன பிரச்சினை?

மணலை அள்ளினால் ஊற்று போச்சு. கரை மரத்தை வெட்டினால் நிழல் போச்சு. தூர்வாருகிறோம் என்று ஜேசிபி விட்டுப் படுகையை மைதானம் மாதிரி சமப்படுத்தினால் மடுவும் போச்சு. பார்க்க சுத்தமா இருக்கும். மீனுக்கு அது அகலமான வாணலி.

இழப்பு சின்னதில்லை. 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடிய கூன்முதுகு மஹசீர், உலகிலேயே காவிரிப் படுகைக்கு மட்டும் சொந்தமானது. அதற்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 2022இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனா காவிரியில் கலக்கும் சின்னாறு மாதிரியான ஓடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆறு பிழைக்கும்.

என்ன செய்யலாம்?

தூர்வாரும்போது மடுக்களை அப்படியே விடணும். கரையில் நீர்மருது, புங்கன் நடணும். தடுப்பணை கட்டினால் மீன் ஏற வழி வைக்கணும்.

அதுக்கு முன்னாடி, எந்த மடு குளிர்ச்சியா இருக்குன்னு தெரியணுமே? தண்ணி புகாத ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு ஆர்டுயினோ, நீளமான வயர். மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் மே மாசம் முழுக்க அளந்தால் ஒரு ஓடையோட வரைபடமே கையில் இருக்கும். மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க இதை எடுத்துக்கலாம்.