மீட்டர் லைட் எரியவில்லையா? வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

அதிகாலை 2 மணிக்கு மார்க்கெட்டுக்குப் புறப்படும் சரக்கு வேன். ஹெட்லைட் எரிகிறது, மீட்டர் பலகை மட்டும் இருட்டு. "பழகின ரோடுதானே முதலாளி" என்று டிரைவர் கிளம்பிவிடுகிறார். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலான வண்டிகளில் மீட்டர் லைட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க் லைட் ஆகியவற்றுக்குக் கரண்ட் ஒரே சுவிட்ச் வழியாக, பல வண்டிகளில் ஒரே பியூஸ் வழியாக வருகிறது. எனவே மீட்டர் இருட்டானால் பின்பக்கமும் இருட்டாக இருக்கக்கூடும். மூட்டை ஏற்றி மெதுவாகப் போகும் நம் வேன் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணில் படாது. பின்விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பிரேக் லைட் எரிகிறதே என்று திருப்தி அடைய வேண்டாம். அது தனி வழி, மிதித்தால்தான் எரியும்.

முதலில் பியூஸைப் பாருங்கள். எது எதற்கு என்று பெட்டி மூடியில் போட்டிருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன பியூஸ் என்ன நிறமோ அதே நிறம்தான் போட வேண்டும். சிகரெட் காகிதம் சுற்றுவதும், மஞ்சளைச் செருகுவதும் வயரிங்கையே கொளுத்திவிடும். கணக்கு நமக்குத் தெரிந்த தொழில்தானே! 5 வாட் பல்பு ஐந்து, மீட்டருக்கு 10 வாட் என்று வைத்தாலும் 35 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர்கூட வராது. அதற்கு 10 ஆம்பியர் பியூஸ் கருகுகிறது என்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, பின்பக்கம் போகும் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதுப் பியூஸ் போட்டு லைட்டைப் போடச் சொல்லுங்கள். பியூஸ் நின்றால் கோளாறு பின்னால். மறுபடி போனால் முன்னால். பின்னால் என்றால் நம்பர் பிளேட் விளக்கு, தார்ப்பாய்க் கயிறு உரசும் இடம், கதவு மடங்கும் இடம். முன்னால் என்றால் அண்மையில் டேப் செட் மாட்டினீர்களா என்று யோசியுங்கள். அதன் விளக்கு வயரையும் இதே வழியில்தான் சேர்ப்பார்கள்.

மளிகைக்காரர் வண்டிக்கு இன்னொரு விரோதி எலி. கடலை மூட்டை வாசனைக்கு வரும் எலி, மூட்டை இறங்கிய பிறகு வயரைக் கடிக்கிறது. கிடங்குக்குள் வண்டியை நிறுத்துவோர் வாரம் ஒருமுறை அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

மீட்டர் மட்டும் எரியவில்லை, பின்விளக்கு சரி என்றால், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வண்டிகளில் அது திரும்பியிருக்கும். ஒருபக்கப் பின்விளக்கு மட்டும் போனால் பல்பு, அல்லது துருப்பிடித்த ஹோல்டர். 21/5 வாட் பல்பில் இரண்டு இழை உண்டு. 5 வாட் இழை அறுந்தாலும் பிரேக் இழை எரிந்துகொண்டிருக்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? பல்பு மாற்றிப் பயனில்லை, எர்த் வயர் சரியில்லை. அதன் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும்.

வழியில் பியூஸ் போய், கையில் மாற்று இல்லை என்றால் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டு, ஓரம் கட்டி, விடியும்வரை காத்திருக்கச் சொல்லிவையுங்கள். சரக்கு ஒருமணி தாமதமாக வந்தால் திட்டமாட்டோம் என்பதையும் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.