‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று மனம் சொன்னால் ஏன் உடனே நம்பிவிடுகிறோம்?

மேலதிகாரிக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. ‘போச்சு, நம்மைப் பிடிக்கவில்லை’ என்கிறது மனம். நம்பிவிடுகிறீர்கள். பின்னே, பேசுவது உங்கள் குரலிலேயே அல்லவா!

திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் ஜன்னலோரம் அலறினால் வீடே பேசுவதுபோல் இருக்கும். மாடியேறி, அது எந்தக் கம்பத்தில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். சத்தம் நிற்காதுதான், ஆனால் வீடு வேறு, ஸ்பீக்கர் வேறு என்று புரிந்துவிடும். எண்ணமும் அந்த ஸ்பீக்கர்தான்; வீடு நீங்கள்.

இப்படி விலகி நின்று பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பது மூளைக்குள்ளும் தெரிகிறது. 2007-இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் மாத்யூ லீபர்மேன் குழு, கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குப் பொருந்தும் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்தபோது, பயத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிப் பக்கத்து மூளைப்பகுதி சுறுசுறுப்பானது.

நீங்களும் ‘நான் தோற்றவன்’ என்பதை, ‘தோற்றவன் என்றொரு எண்ணம் வருகிறது’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். மல்லுக்கட்டி விரட்ட மட்டும் வேண்டாம். விரட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்!