போன்ல மூணு ஏ.ஐ. ஆப் இருக்கு... வாழைநார்ச் சேலையை விற்க எது உதவும்?

2025-ம் வருடம் ஏ.ஐ. நிறுவனங்களுக்கு இந்தியா மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்சிட்டி புரோ ஒரு வருடம் இலவசம் என்றார்கள். அக்டோபர் கடைசியில் ஜியோவின் 5ஜி வாடிக்கையாளர்களுக்கு 18 மாதங்கள் ஜெமினி புரோ, முதலில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம் இலவசம். வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கேயும் நீல வளையமாக மெட்டா ஏ.ஐ. உட்கார்ந்திருக்கிறது.

எல்லாம் போனில் ஏறிவிட்டது. எந்த வேலைக்கு எதைத் திறப்பது என்பதில்தான் குழப்பம். பலரும் முதலில் கையில் படும் ஆப்பிலேயே சமையல் குறிப்பு, லோன் கணக்கு, கல்யாணப் பத்திரிகை வாசகம் என எல்லாவற்றையும் கேட்கிறார்கள். பொழுதுபோக்குக்குக் கேட்டால் பரவாயில்லை. வருமானம் அதில் இருக்கும்போது, தப்பான டூல் காசைக் காலி பண்ணிவிடும்.

தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அடையாறு கரையில் இருக்கும் இந்த நெசவாளர் ஊர், ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' துணியை நெய்து அனுப்பியது. பெயர்தான் கைக்குட்டை. அங்கே அதை உடையாகச் சுற்றிக் கட்டுவார்கள். அந்த ஏற்றுமதி படுத்தபிறகு, சி.சேகர் தலைமையிலான நெசவாளர்கள் சணல், வாழைநார், கற்றாழை, அன்னாசி என்று இயற்கை இழைகளுக்கு மாறினார்கள். 25 வகை இயற்கை இழைகளில் ஒரே சேலையை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பிடித்தார்கள்.

இப்படியொரு ஊரில், கல்லூரி படிக்கும் மகள் வீட்டுத் தறியில் நெய்த சேலையை இன்ஸ்டாகிராமில் விற்க ஆரம்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாவில் பருத்தி, ஊடையில் வாழைநார். நாலு வரி விளம்பரம் வேண்டும். சாட்பாட்டிடம், "வாழைநார்ச் சேலைக்கு அழகா ஒரு கேப்ஷன் கொடு" என்கிறாள்.

அழகாகத்தான் வரும். கூடவே, '100% தூய வாழைநார்', 'சருமத்துக்கு மருத்துவ குணம்', 'ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்றெல்லாமும் வரலாம். அவள் சொல்லாத விஷயங்கள். பொருத்தமான அடுத்த வார்த்தை எதுவாக இருக்கும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் சாட்பாட்டின் அடிப்படை வேலை. பாவில் இருப்பது பருத்தி என்று அதற்கு யார் சொன்னது?

வாங்குகிறவர் அந்த '100%'-ஐ நம்பித்தான் பணம் அனுப்புவார். தவறான விளம்பரத்துக்கு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 'ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது' என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

அதற்காக சாட்பாட்டே வேண்டாம் என்றில்லை. வார்த்தை கோக்க அதைவிட வேகமான ஆள் கிடையாது. தகவலை மட்டும் நாம் கொடுக்க வேண்டும். 'பாவு பருத்தி, ஊடை வாழைநார், நீளம் 5.5 மீட்டர், கைத்தறி. இதில் இல்லாத எதையும் சேர்க்காதே' என்று கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அப்போதும், நெய்தவர் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு போஸ்ட் போடுவது நல்லது.

போட்டோ விஷயம் இதைவிட வில்லங்கம். பின்னால் தெரியும் அழுக்குச் சுவரை நீக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்குப் பின்னணியை மட்டும் வெட்டி எடுக்கும் ரிமூவ் பிஜி மாதிரியான டூல் போதும். அது சேலையைத் தொடாது. படத்தையே புதிதாக வரையும் ஏ.ஐ.-யிடம், "இதை ஒரு மாடல் கட்டியிருக்கிற மாதிரி பண்ணு" என்றால், வாழைநாரின் இயல்பான சொரசொரப்பை வழவழ பட்டாக்கிவிடும். பார்டரில் இல்லாத கோடு முளைக்கும். பார்சலைப் பிரித்ததும் வாடிக்கையாளர் கேட்பார்: "நான் பார்த்த சேலை இது இல்லையே?" ரிட்டர்ன் கூரியர் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. புனேவிலிருந்து இந்தியில் ஒரு மெசேஜ் வருகிறது. இதற்கு கூகுள் டிரான்ஸ்லேட் இருக்கிறது. மத்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கிய பாஷினி இருக்கிறது. 2023 டிசம்பரில் வாரணாசியில் நடந்த காசி தமிழ்ச் சங்கமத்தில், பிரதமரின் இந்திப் பேச்சு தமிழ் பார்வையாளர்களின் காதில் உடனுக்குடன் தமிழாகக் கேட்டதே, அது பாஷினியின் வேலைதான். நம் ஐஐடி மெட்ராஸில் இயங்கும் 'ஏஐ ஃபார் பாரத்' குழுவும் 22 அட்டவணை மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடலை உருவாக்கி, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டிருக்கிறது.

சாதாரணப் பேச்சுக்கு இவை தாராளமாகப் போதும். தொழில் வார்த்தைகளில்தான் கவனம் வேண்டும். 'பாவு', 'ஊடை' என்பதெல்லாம் தறி வீட்டுச் சொற்கள். அனுப்புவதற்கு முன்பு, மொழிபெயர்த்ததை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். அர்த்தம் மாறியிருந்தால் அங்கேயே பிடிபடும். தட்டச்சு வராத அம்மா பதில் சொல்ல வேண்டுமென்றால், ஜிபோர்டு கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் போதும். தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்று மட்டும் பேச வேண்டாம்!

அரசுத் திட்டம், மானியம், விண்ணப்ப விதி போன்றவற்றில் சாட்பாட்டின் ஞாபகத்தை நம்பவே கூடாது. நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி.

இதற்கு வேறு வழி இருக்கிறது. அரசின் இணையதளத்திலிருந்து அறிவிப்பின் பிடிஎஃப்பை இறக்கி, கூகுளின் நோட்புக்எல்எம்மில் ஏற்றிக் கேளுங்கள். நாம் கொடுத்த ஆவணத்தை வைத்தே அது பதில் சொல்லும். எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். அந்த இடத்தைத் தொட்டு மூல வரியைப் படித்துவிடலாம். பெர்பிளெக்சிட்டியும் ஆதார லிங்க் தரும். ஆனால், அந்த லிங்க் அரசு தளமா, யாரோ எழுதிய பதிவா என்று பார்க்கும் வேலை நம்முடையது.

கணக்குக்கு? 3,200 ரூபாய் சேலை 7, பத்து சதவிகிதத் தள்ளுபடி போக 20,160. அதில் 5 சதவிகித வரி சேர்த்தால் 21,168. சாட்பாட்டும் பெரும்பாலும் இதைச் சரியாகச் சொல்லும். 'பெரும்பாலும்' என்பது பில்லுக்குப் போதாது. கூகுள் ஷீட்ஸில் ஒரு ஃபார்முலா போட்டுவிட்டால் தினமும் அதே சரியான விடை வரும். வேண்டுமானால் அந்த ஃபார்முலாவை எப்படி எழுதுவது என்று சாட்பாட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த டூலாக இருந்தாலும் ஆதார், பான், பேங்க் பாஸ்புக் போட்டோ, வாடிக்கையாளரின் முகவரி எதையும் உள்ளே போட வேண்டாம். மத்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், அலுவலகக் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று தன் ஊழியர்களுக்குச் சொன்னது. ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

கடைசியாக, அந்த இலவசங்கள். ஒரு வருடம், 18 மாதம் எல்லாம் சீக்கிரம் ஓடிவிடும். பதிவு செய்யும்போது கார்டோ யுபிஐயோ கொடுத்திருந்தால், இன்றைக்கே ப்ளே ஸ்டோரில் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியையும், யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியையும் திறந்து பாருங்கள். தேவைப்படாததை அங்கேயே ரத்து செய்துவிடலாம். ஆப்பை போனிலிருந்து டெலீட் செய்தால் மட்டும் ஆட்டோபே நிற்காது.