விலாசத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்

பெயர் பெற்ற தேயிலைப் பொட்டலத்தின் அதே நிறம், அதே படம், பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாற்றம் என்று சரக்கு வந்தால் நம் கடைப் பையனே கண்டுபிடித்துவிடுவான். அதே வேலையைக் கைபேசியில் செய்தால் மட்டும் நாம் ஏமாந்துபோகிறோம்.

பாவூர்சத்திரத்தில் எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், வங்கிக் கடனுக்காக உத்யம் பதிவு செய்ய முற்பட்டார். சில்லறை, மொத்த வியாபாரிகளும் முன்னுரிமைக் கடனுக்காக இதில் பதியலாம் என்று மத்திய அரசு 2021 ஜூலை 2 அன்று அறிவித்தது உறுப்பினர்கள் அறிந்ததே. கைபேசியில் தேடி முதலில் வந்த பக்கத்தைத் திறந்தார். மூவர்ணம், அரசுப் பக்கம் போன்ற தோற்றம். ஆதார், பான் எண்களைக் கொடுத்து, கட்டணம் என்று ரூ.2,700 கட்டினார். பிறகுதான் எங்களிடம் சொன்னார். உத்யம் பதிவு 2020 ஜூலை 1-ல் தொடங்கிய நாள் முதல் இலவசம். பணம் போனதைவிட, ஆதாரும் பானும் யார் கையில் இருக்கின்றனவோ என்பதே அவருக்குக் கவலை.

தேடும்போது மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டியது மேலே உள்ள விலாசத்தை. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு தொடங்கி, அடுத்த சாய்கோடு வரை படியுங்கள். அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறதோ, அதுதான் உரிமையாளரைக் காட்டும். உத்யத்தின் அசல் விலாசம் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. போலிக்காரர் 'ஜிஓவி' என்பதை நடுவில் நுழைத்து, கடைசியில் டாட் ஆர்க், டாட் காம் என்று முடிப்பார். நடுவில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. வங்கிகளும் அப்படித்தான். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பூட்டுப் படத்தை நம்ப வேண்டாம். போலிப் பக்கத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

மின்னஞ்சலில் வங்கியின் பெயர் தெரிந்தால் போதாது. பெயரைத் தொட்டால் அனுப்பியவரின் முழு விலாசம் வரும். அதையும் கடைசியிலிருந்து படிக்கவும்.

எல்லா மோசடியிலும் அவசரம் இருக்கும். 2022-ல் "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து பலருக்குச் செய்தி வந்தது. மின்வாரியமும் காவல்துறையும் எச்சரித்தன. ஐஸ்பெட்டியில் பாலும் தயிரும் வைத்திருப்பவர் பதறத்தான் செய்வார். பதறினாலும் மின்வாரிய அலுவலகம் நமக்குத் தெரிந்த இடம்தானே!

கீழப்பாவூர், சுரண்டைப் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கையாளர்கள், "அண்ணாச்சி, இது என்னன்னு பாருங்க" என்று கைபேசியை நீட்டுகிறார்கள். கடையில் கூட்டம் இருந்தாலும் விலாசத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லுங்கள். மகன் வெளியூரில் இருக்கும் வயதானவர்கள் நம்மைத்தான் கேட்கிறார்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட விதிப்படி, ரகசிய எண்ணை நாமே கொடுத்து ஏமாந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போன பணம் நம் நஷ்டம். சொன்ன பிறகு போனால் வங்கியின் நஷ்டம். வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைப்பவருக்கு அந்த இரவில் போவதும் சேர்ந்து போகும். தென்காசியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வந்த செய்தியை அழிக்காமல் கொண்டுபோய்க் காட்டவும்.