மாண்டலின் வாங்குகிறீர்களா? நட் அகலத்தை எழுத்தில் கேளுங்கள்

ஆன்லைனில் மாண்டலின் விற்பவர்கள் மரம், வண்ணம், உறை, விலை எல்லாவற்றையும் விவரிக்கிறார்கள். வாசிப்பவரின் இடது கைக்கு மிகவும் வேண்டிய ஓர் அளவை மட்டும் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். அது நட் அகலம். கழுத்தின் மேல்முனையில், தந்திகள் உட்காரும் வெட்டுகளோடு இருக்கும் சிறு பட்டைதான் நட். கழுத்து அங்கே எவ்வளவு அகலம் என்பதை அந்தப் பட்டை காட்டும். தந்திகள் எவ்வளவு நெருங்கி ஓடும் என்பதை அதிலுள்ள வெட்டுகள் முடிவு செய்யும். பணம் கட்டும் முன் இந்த அளவை எழுத்தில் கேட்டு வாங்குவது கைக்கும் காசுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு. கைக்குப் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வாத்தியத்தைச் சட்டம் குறைபாடுள்ளதாக ஏற்காது. விற்றவர் சொன்ன அளவு இல்லையென்றால் நிலைமை வேறு.

எட்டுத் தந்தி மாண்டலினில் தந்திகள் நான்கு இணைகளாக ஓடுகின்றன. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் நட் அகலம் 27 முதல் 30 மில்லிமீட்டர் வரை, 28.6 பரவலான அளவு, 30.2 அகலக் கழுத்து. ‘ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?’ என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 28.6 மி.மீ. நட்டில் இரு ஓரங்களிலும் சுமார் இரண்டரை மி.மீ. விட்டு, ஒவ்வோர் இணைக்கும் 2.4 மி.மீ. ஒதுக்கினால், இணைகளுக்கு நடுவே மிஞ்சும் மூன்று இடைவெளிகளும் தலா ஏறத்தாழ 4.7 மி.மீ. அதே கணக்கில் 30.2 மி.மீ. நட்டில் அந்த இடைவெளி ஏறத்தாழ 5.2 மி.மீ. விரல் நுனி இறங்க வேண்டிய இடம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இடம் போதாவிட்டால் விரல் பக்கத்து இணையைத் தொட்டு நாதத்தை அடைத்துவிடும். அதைத் தவிர்க்க வாசிப்பவர் விரலைச் செங்குத்தாக நிறுத்தி, மணிக்கட்டை மடக்கி, கழுத்தை இறுக்கிப் பிடிப்பார். மணிக்கணக்கான சாதகத்தில் அந்த இறுக்கம் வலியாக மாறலாம். மரத்துப்போதலோ விடாத வலியோ இருந்தால் வாசிப்பை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குறுகிய கழுத்தில் அபாரமாக வாசிப்பவர்கள் உண்டே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அகலம் கூடினால் எல்லோருக்கும் நல்லது என்று யாரும் சொல்லவில்லை. சிறிய கைக்கு அகலக் கழுத்தும் சிரமம்தான். வாசிக்கும் இசையும் தேவையை மாற்றும். கர்நாடக இசைக்கு மாண்டலினைக் கொண்டுவந்த யு. ஸ்ரீநிவாஸ், இணைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினையே தேர்ந்தார். தந்தியை இழுத்துக் கமகம் காட்ட இணைத் தந்தி இடைஞ்சல்; ஓரத் தந்தி விளிம்பை ஒட்டி இருந்தால் இழுக்கும்போது பலகையை விட்டே நழுவும். அவரவர் கைக்கும் இசைக்கும் ஏற்ற அளவு வேறுபடுவதால்தான் வாங்குபவருக்குத் தகவல் தேவைப்படுகிறது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு பற்றி அறியும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய அல்லது ஒப்புக்கொண்ட அம்சங்கள் பொருளில் இல்லையென்றால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சுயதொழிலாக வாசித்துப் பிழைக்கும் கலைஞரும் நுகர்வோர்தான். தனிநபரிடம் பழைய வாத்தியம் வாங்குவோருக்கு இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. நேரில் வாசித்துப் பார்த்து வாங்குவதே அவர்களுக்கான காப்பு.

‘நட்டை மாற்றினால் சரியாகிவிடும், வழக்கு எதற்கு?’ என்பார்கள். பாதி உண்மை. அகலமான கழுத்தில் புது நட் வைத்துத் தந்திகளை நெருக்கலாம்; குறுகிய கழுத்தை அகலமாக்க வழியில்லை. தவிர, நீங்களாக வெட்டிய பிறகு பொருளைத் திருப்பித் தருவதும் கடினமாகும். ஆகவே நட் அகலம், ஓரத் தந்திகளுக்கு இடையிலான தூரம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வெர்னியர் காலிப்பரால் அளந்து படம் எடுங்கள். ரசீதையும் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். அளவை எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.