பவளத் தோட்டத்துக்கு ஒரு யாத்திரை

அந்தியூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இராமேசுவரம் போய் வந்தவை ஏராளம். அமாவாசைக்குப் பவானி கூடுதுறையே போதும் என்று இருப்பவர்கள்கூட, ஆயுளில் ஒரு தடவையாவது சேது ஸ்நானம் செய்துவிட வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டிருப்பார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், திரும்பும்போது ஒரு பை நிறையச் சங்கும் சோழியும். முழுக்குப் போடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வது நம் வழக்கம். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் இடத்திலிருந்து சில மைல் தூரத்தில், அதே கடலுக்கடியில், உயிருள்ள ஒரு தோட்டம் இருக்கிறது. அதைப் பார்க்காமலே திரும்பி விடுகிறோம்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ஆம் ஆண்டில் இவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாறை என்று பெயரே தவிர, அது கட்டியவர் இல்லாத கல் அல்ல. கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற ஜீவன்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீடு அது. திரண்ட உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நீங்கள் ஒரு நாற்காலி உயரப் பவளத்தைக் கண்டால், அது உங்கள் பாட்டியாரைவிட வயதில் மூத்தது போலும் என்று எண்ணி ஒதுங்கிப் போவதே மரியாதை.

நம் ஊரில் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு எந்தச் சரக்கிலிருந்து பிறக்கிறதோ, பவளத்தின் எலும்புக்கூடும் அதே சரக்குத்தான். இந்த ஒற்றுமையே அதற்கு வினையாக வந்தது. பல பத்தாண்டுக் காலம் பவளத்தைப் பாளம் பாளமாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் படகில் ஏற்றினார்கள். 2001-இல் சட்டம் குறுக்கிட்டது; 2004-இன் ஆழிப் பேரலைக்குப் பிறகே வெட்டு முற்றிலும் ஓய்ந்தது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு, 1986-இல் 16 ஹெக்டேராக இருந்தது, 2014-இல் சுமார் 2 ஹெக்டேராகக் குறுகிற்று. அலையைத் தடுத்து நின்ற பவளத்தை எடுத்துவிட்டால் மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் வெகு காலம் ஒரு வெண்பவளக் கொத்து இருந்தது. யாரோ யாத்திரை போனவர்கள் கொண்டு வந்தது. அதன் வெண்மையை எல்லோரும் புகழ்வோம். உயிருள்ள பவளம் வெள்ளையாக இராது என்பதும், நாங்கள் புகழ்ந்தது ஒரு பிரேதத்தின் நிறத்தை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. பவளத்துக்கு நிறத்தையும் பெரும்பகுதி ஆகாரத்தையும் கொடுப்பது அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி. தண்ணீரின் உஷ்ணம் வழக்கமான கோடைக்கு மேல் ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப் போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இவ்விதமே நிறையப் பவளம் மடிந்தது.

பிரயாணத்துக்கு மாதம் குறிப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய விஷயம் இது. நமக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்; பவளத்துக்கு உயிர்ப் போராட்டமும் அதே மாதங்களில். காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதுபோல் அப்பொழுது போக வேண்டாம். ஆடி அமாவாசையும் உதவாது. ஆடியில் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவைக் கலக்கிவிடும்; அந்த மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவிலே குதிரைச் சந்தை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தை அமாவாசை உத்தமம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் சமயம். ஆனால் அமாவாசையன்றே கடலைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். அன்று ஜனக் கூட்டம் மட்டுமல்ல, நீரோட்டமும் வலுத்திருக்கும். திதியை முடித்துக்கொண்டு ஒரு வாரம் பொறுத்தால் இரண்டும் தணிந்துவிடும்.

எங்கே போவது? மன்னார் வளைகுடாத் தீவுகளில் அனுமதியின்றி இறங்குவது குற்றம். அங்கே பவளத்தின்மேல் நீந்தலாம் என்று எவரேனும் இரகசியமாக அழைத்தால் போகாதீர்கள். வனத்துறையார் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறார்கள். ஏர்வாடிக்கு அருகே பிச்சை மூப்பன் வலசையில், அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை சேலை நனையாமல் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முகமூடியும் மூச்சுக் குழலும் அணிந்து மிதந்து பார்க்க ஆசையென்றால், பாக் நீரிணைப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது. அங்கே காண்பது முக்கியமாக அலையாத்திக் காடும் கடற்புல்லும். காற்று பலமானால் படகு நின்றுவிடும்; ஆகையால் புறப்படுமுன் வன அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்க விரும்பும் வாலிபர்கள் அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ போகலாம். இலட்சத்தீவுக்கு நம் தேசத்தாரும் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கப்பல் கொச்சியிலிருந்து போகிறது. கொங்கு நாட்டாருக்குச் சென்னையைவிடக் கொச்சி கிட்ட என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். அந்தமானில் வண்டூரை அடுத்த மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்காவில், ஜாலிபாய்த் தீவுக்குப் படகு ஏறுமுன் பிளாஸ்டிக் சாமான்களைச் சோதிக்கிறார்கள். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு அது ஒவ்வொரு கடற்கரையிலும் இருக்க வேண்டிய கெடுபிடியாகத் தோன்றுகிறது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். பவளத்தை உடைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எவரும் போவதில்லை. உடைப்பது பெரும்பாலும் பயம். முகமூடிக்குள் ஒரு மிடறு தண்ணீர் புகுகிறது, மூச்சுத் திணறுகிறது, உடனே காலை ஊன்றி எழுந்து நிற்கத் தோன்றுகிறது. ஊன்றிய இடத்தில் இருபது வருஷத்து வளர்ச்சி நொறுங்குகிறது. காலும் கிழிகிறது, பவளக் கீறல் இலேசில் ஆறாது. ஆகையால் இந்த யாத்திரை இராமேசுவரத்தில் தொடங்குவதல்ல, அந்தியூர்த் தோட்டத்துக் கிணற்றில் தொடங்குவது. சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய ஊர் நம்முடையது. இரண்டு மாதம் முன்னதாகவே முகமூடியும் குழலும் வாங்கி, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க, குழந்தைகள் அவற்றோடு மிதந்து பழகட்டும். முகமூடியில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் மூக்கால் ஊதி வெளியேற்றவும், காலை ஊன்றாமல் மல்லாந்து மிதந்து இளைப்பாறவும் பழகிவிட்டால் பாதிப் பிரயாணம் முடிந்தமாதிரி.

கிணற்று வித்தையை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகலாகாத இடமும் ஒன்று உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு அடிமண் எடுத்து வந்து காட்டும் பையன் நம் ஊரில் வீரன். குப்பிக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கடலில் இறங்குகிறவன் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே நிறைத்த நெஞ்சோடு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு, காது நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் இறங்கலாகாது; ஜலதோஷம் பிடித்தவர்களும் அன்று கரையில் இருப்பதே நலம். ஆழம் சென்று வந்தவர்கள் விமானம் ஏறுமுன் ஒரு முழு நாளாவது இடைவெளி விட வேண்டும். திரும்பும் சீட்டை அதற்கேற்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு என்ன செய்வது என்று பெண்மணிகள் கேட்கலாம். மேனியில் பூசும் களிம்புகளில் உள்ள சில இரசாயனங்கள் பவளத்துக்குத் தீங்கு செய்யும் என்று கருதி, ஹவாயித் தீவுகளில் அவற்றின் விற்பனையை 2021 முதல் தடுத்திருக்கிறார்கள். களை வெட்டப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டுகிறார்களே, அந்த உபாயத்துக்கு ஈடான களிம்பு இல்லை. உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை போதும்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். குப்பியும் இல்லை, விலையுயர்ந்த சாதனமும் இல்லை. காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு நாளெல்லாம் முங்குகிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். கூலிக்கு முங்குகிறவர்கள் இப்படி அடக்கம் காட்டும்போது, உல்லாசமாகப் போகிற நாம் சங்கு, சோழி, பவளத் துண்டு என்று எதையும் பையில் போட்டுக்கொள்ளாமல் வருவது பெரிய தியாகமல்ல. செத்த பவளமானாலும் எடுப்பது சட்டப்படி குற்றந்தான்.

கடைசியாக, படகு பேசும்போது விலையைக் கேட்குமுன், "ஐயா, நங்கூரத்தை எங்கே போடுவீர்கள்?" என்று கேளுங்கள். "மணலில்" என்றோ, "மிதவையில் கட்டுவோம்" என்றோ பதில் வந்தால் தாராளமாக முன்பணம் கொடுக்கலாம். "அதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போடலாம்" என்று பதில் வந்தால், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு படகு பாருங்கள்.